உயிர்ச்சேதம் இல்லாத கப்பல்கள்

மரத்தை நக்கிப் பார்த்து வாங்கும் வழக்கம் வேறெங்காவது உண்டா என்று எனக்குத் தெரியாது. தென்காசியில் இருந்தது. ஐம்பதுகளின் கடைசியில் அங்கே வீடு கட்டிய பெரிய மனிதர்கள் பலரும் ஒரு தடவையாவது அதைச் செய்தவர்கள்தான். ரைஸ் மில் முதலாளி, ஜவுளிக்கடைக்காரர், இரண்டு வக்கீல்கள், ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, தேக்குப் பலகையின் ஓரத்தில் நாக்கை வைத்து, கண்ணை மூடி ஒரு கணம் ருசி பார்த்து, "ஆமாவே, உப்புதான்" என்று திருப்தியோடு நிமிர்வார்கள். உப்புக் கரித்தால் அது கப்பல் மரம். கரிக்காவிட்டால் வெறும் மரம். கப்பல் மரத்துக்கு வெறும் மரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை.

அந்த நாக்குகளுக்கெல்லாம் பாடம் எடுத்தவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் நல்ல உத்தியோகங்களில் இருக்கிறார்கள். ஊரிலும் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கப்பல்காரர் என்றால்தான் தெரியும். செங்கோட்டை ரோட்டில் மரக்கடை வைத்திருந்தார். தூத்துக்குடிக் கடலில் முங்கிக் கிடக்கும் பழைய கப்பல்களிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த தேக்கு என்று சொல்லி விற்பது அவர் தொழில். செல்லரிக்காது, வெயிலுக்கு வெடிக்காது, மழைக்கு ஊதாது, நூறு வருஷம் உப்புத் தண்ணீரில் ஊறிய மரத்துக்கு இனி என்ன வரப்போகிறது என்பார். கேட்பவர்களுக்கு நியாயமாகத்தான் படும்.

அவர் கடலைப் பார்த்ததே இல்லை. தூத்துக்குடிக் கடல் என்று இல்லை, எந்தக் கடலையும். திருச்செந்தூரில் ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. அதற்குக்கூடப் போகவில்லை. "முருகன் பொறுத்துக்கிடுவான், அந்தத் தண்ணி பொறுக்காது" என்று சொல்வார். கண்ணுக்கெட்டிய தூரத்துக்கும் தண்ணீர் பரந்து கிடக்கிறது என்று யாராவது சொன்னாலே எழுந்து போய்விடுவார்.

கடை வாசலில் நின்றால் மேற்கே மலை. மலை நிறைய மரம். காலையில் பல் விளக்கும்போது ஊரே அந்த மலையைப் பார்த்துக்கொண்டுதான் விளக்கும். ஆனால் மலையில் வெட்டிய தேக்குக்கு பாஸ் வேண்டும், தடியில் முத்திரை வேண்டும், சோதனைச் சாவடியில் பதில் சொல்ல வேண்டும். கடலில் முங்கிய கப்பலிலிருந்து எடுத்த தேக்குக்கு ஒரு எழவும் வேண்டாம். இதைக் கண்டுபிடித்த மூளைக்கு மாலை போடத்தான் வேண்டும். திருவிதாங்கூரில் இருந்த செங்கோட்டை நம் மாகாணத்தோடு சேர்ந்த பிறகு, எல்லை தாண்டுகிற தொல்லையும் இல்லாமல் போனது.

கடைக்குப் பின்னால் சிமெண்ட் பூசிய ஒரு நீளக் குழி இருந்தது. மலையிலிருந்து வந்த பலகைகள் அதில் இருபது நாள் உப்புத் தண்ணீரில் படுத்திருக்கும். எடுத்துக் காயவைத்து, துருப்பிடித்த சதுர ஆணிகளை அங்கங்கே அடித்து, பாதியைப் பிடுங்கிவிட்டு, ஓட்டைகளில் கடுக்காய்த் தண்ணீரை ஊற்றினால் இரும்பும் கடுக்காயும் சேர்ந்து மை போலக் கறுக்கும். இருநூறு வருஷத்துக் கறுப்பு ஒரு சாயங்காலத்தில் வந்துவிடும். தூத்துக்குடியிலிருந்து அந்தக் கடைக்கு உண்மையாக வந்தது உப்பு மூட்டை மட்டும்தான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் வாடகை வீட்டுப் புறவாசல் அந்தக் குழியைப் பார்த்தது. நான் உயர்நிலைப் பள்ளியில் பூகோள வாத்தியார். பார்த்ததை நாலு பேரிடம் சொல்லியிருக்க வேண்டியவன். சொல்லவில்லை. சொல்லாததோடு நிற்கவும் இல்லை.

"வெள்ளைக்காரப் பேரா ஒண்ணு சொல்லும் சார்வாள்" என்று காலையில் வந்து நிற்பார். ஒவ்வொரு லாட் மரத்துக்கும் ஒரு கப்பல் வேண்டும், கப்பலுக்குப் பெயர் வேண்டும். நான் பள்ளிக்கூட அட்லஸைத் திறந்து ஹாலந்தில் கையில் அகப்பட்ட ஊரைச் சொல்வேன். டச்சுக்காரன் தூத்துக்குடியை ஆண்டவன்தானே, அவன் ஊர் பெயரில் ஒரு கப்பல் அங்கே முங்கியிருக்கக் கூடாதா? அப்படி ராட்டர்டாமு முங்கியது, ஊட்ரெக்டு முங்கியது. ஹாலந்து தீர்ந்ததும் டென்மார்க்குக்குப் போனோம். எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்ததை ஒளிப்பானேன்? வகுப்பில் நாற்பது பையன்களுக்கு ஹாலந்து எங்கே என்று சொல்லிக் கொடுத்து ஒருவனுக்கும் ஏறவில்லை. இங்கே வக்கீல் வீட்டு ஊஞ்சலில் ஹாலந்து ஆடியது. கைம்மாறாக எனக்கு ஒரு புத்தக அலமாரி செய்து கொடுத்தார். வெறும் மரத்தில்தான். "உமக்கு எதுக்கு உப்பு" என்றார்.

உப்புக்கு அடுத்தபடியாக வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "அண்ணாச்சி, இதுல யாரும் சாவலையே?" கேட்காமல் இருப்பார்களா. பிணம் விழுந்த கப்பலின் மரத்தில் நிலை வைத்து, அதற்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, பெண்ணை வலது கால் எடுத்து வைத்து வரச் சொல்ல முடியுமா?

"ஒரு உசுரு போகல" என்பார் கப்பல்காரர், அடித்துச் சொல்வது போல. அதுதான் அவருடைய உயிர்நாடி. மனிதர் ஆயிரம் புளுகினார். ஆனால் அத்தனை புளுகையும் பிழிந்தால் கிடைக்கும் சாறு இந்த ஒரு வாக்கியம்தான். ராட்டர்டாமு முங்கியபோது கப்பித்தான் பெண்சாதி கிளிக்கூண்டைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் இறங்கினாளாம், கிளிக்குக்கூட ஒன்றும் இல்லையாம். ஊட்ரெக்டு தரை தட்டியபோது கடல் வற்றியிருந்ததால் பட்டாளத்தான்கள் பூட்சைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே கரைக்கு வந்தார்களாம். முந்நூறு வருஷமாகத் தூத்துக்குடிக் கடலில் கப்பல்கள் முங்கிக்கொண்டே இருந்தன, ஒருத்தன் தலைமுடிகூட நனையவில்லை.

சீசன் வந்துவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு நேரே குற்றாலம். ஆனி, ஆடி இரண்டு மாதமும் காலை வியாபாரம் பெரிய அருவிக்குப் பக்கத்தில்தான். மதுரையிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் வந்த பணக்காரர்கள் கோவணத்தோடு பாறையில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். எண்ணெய் தேய்த்த மனிதனிடம் எதை வேண்டுமானாலும் விற்கலாம் என்பது கப்பல்காரரின் சித்தாந்தம். கை, கால் எல்லாம் வழுக்கும், எழுந்து ஓட முடியாது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "முதலாளிக்கு வீடு வேலை ஏதும் நடக்கோ?" என்று தொடங்குவார். அருவி இரைச்சலில் அவர் சொல்வதில் பாதி காதில் விழாது. விழாத பாதியை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள்.

ஒருநாள் ஒரு பாரஸ்ட் ரேஞ்சர் வந்தார், புதிதாக வந்த அதிகாரி. சட்டையில் மடிப்புக் கலையவில்லை. "இவ்வளவு தேக்குக்கு பாஸ் எங்கய்யா?" என்று உறுமினார். கப்பல்காரர் பதறவே இல்லை. "பாஸ் ஐயா குடுக்குறது மலை மரத்துக்குல்லா. இது கடல் மரம். ஐயா சந்தேகப்படுதியளா? நக்கிப் பாக்கலாம்." நான் அங்கேதான் நின்றேன். சர்க்கார் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சர்க்கார் குனிந்து நக்கியதை என் கண்ணால் பார்த்தேன். நிமிர்ந்து தொப்பியை வைத்துக்கொண்டார். "உப்புதான். கடல் என் சரகத்துல வராது" என்றார். மறுவாரம் அவர் வீட்டுக்கு ஒரு ஊஞ்சல் பலகை போயிற்று.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. யாரைக் கெடுத்தார்? மரம் நல்ல மரம்தான், மலைத் தேக்கு. வாங்கியவன் வீடு நின்றது. மேலுக்கு ஒரு கதையும் கிடைத்தது. அப்படித்தான் நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

அவர் கடையில் உட்கார்ந்து தினமும் பேப்பர் வாசித்துச் சொல்வது என் வழக்கம். ஒரு கார்த்திகை மாதம், பெரிய புயலுக்கு மறுநாள், மூலையில் சின்னதாக ஒரு செய்தி. வெங்காயமும் வத்தலும் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தோணி ஒன்று கரை மறையுமுன் புயலில் சிக்கி முங்கிவிட்டது. அதில் இருந்த ஒன்பது பேரைப் பற்றித் தகவல் இல்லை.

கப்பல்காரர் காதை நீட்டினார். "இன்னொரு தடவை வாசியும்."

வாசித்தேன்.

"ஹாலந்து அலுத்துப் போச்சு சார்வாள். தோணியும் காலமெல்லாம் உப்புத் தண்ணில ஓடுன பழைய தேக்குதானே. இது பேப்பர்லயே வந்திருக்கு. எவன் வேணும்னாலும் பாத்துக்கிடலாம்."

அடுத்த மாதமே ரைஸ் மில் முதலாளி புது வீட்டுக்குத் தலைவாசல் தேடி வந்தார். பெரிய இடத்துக்குப் பெரிய நிலை வேண்டும். கப்பல்காரர் ஒரு ஜோடி நிலைக்கால்களைக் காட்டினார். முதலாளி நக்கினார், திருப்திப்பட்டார். பிறகு வழக்கமான கேள்வி. தகவல் இல்லாத ஒன்பது பேரையும் கப்பல்காரர் அங்கேயே, என் கண் முன்னால், ஒவ்வொருவராகக் கரை சேர்த்தார். கடைசியாக வந்தவன் பண்டாரி. தோணியில் சமையல்காரனைப் பண்டாரி என்பார்கள்.

"அவன் என்ன செஞ்சான் தெரியுமா முதலாளி? சோத்துப் பானையைக் கவுத்துப் போட்டு அதைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டே மிதந்து வந்துட்டான். கரையேறினதும் மொதல்ல கேட்டது, 'எவனுக்குலே பசிக்கி?'ன்னுதான்."

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல கதை, சிரிக்காமல் என்ன செய்ய. கிரகப்பிரவேசப் பந்தியில் முதலாளி அதை இலைக்கு இலை சொல்லிக்கொண்டு போனார். அவருடைய மில்லுக்கு நெல் அரைக்க வருகிறவர்கள் அதைச் சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் மூட்டையோடு கொண்டுபோனார்கள்.

இரண்டு வருஷம் கழிந்தது. ஒருநாள் முற்பகலில் ஒரு பெண் கடைக்கு வந்தாள். வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தாள், முப்பது வயதுக்குள் இருக்கும். அவள் அண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரமே நின்றுவிட்டான். உள்ளே வர அவனுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. அன்றைக்கு மில் முதலாளியும் கடையில் இருந்தார். சம்பந்தி வீட்டுக்காரர்களைப் பலகை பார்க்கக் கூட்டி வந்திருந்தார். நான் பேப்பரும் கையுமாக.

"இங்கன கப்பல்கார அண்ணாச்சி யாரு?"

"நாந்தாம்மா. என்ன மரம் வேணும்?"

"மரம் வேண்டாம் அண்ணாச்சி. நான் வடகரை. அந்த வெங்காயத் தோணியில பண்டாரியாப் போனது எங்க வீட்டுக்காரருதான்."

கப்பல்காரர் அளவுகோலைப் பலகைமேல் வைத்துவிட்டு எழுந்தார். 

அவள் அழாமல், நிறுத்தாமல், மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததுபோலச் சொன்னாள். தோணிக்காரர் ஒரு கார்டு போட்டிருக்கிறார். தோணி போய்விட்டது, யாரும் திரும்பவில்லை என்று மட்டும் அதில் இருந்திருக்கிறது. ஜமாத்தில் பேசி, அவள் இத்தா இருப்பதற்கு, அதாவது கணவன் இறந்த பெண் மறைவாக இருக்கும் நாட்களைத் தொடங்குவதற்கு, ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் நெல் அரைக்கப் போன ஆள் பானைக் கதையோடு வந்திருக்கிறான். அவர் உயிரோடு இருக்கிறார், இத்தா உட்காரமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். மறுமணத்துக்கு அண்ணன் பார்த்து வைத்த இடமும் போயிற்று.

"கொழும்புக்குப் பதினோரு காயிதம் போட்டாச்சு அண்ணாச்சி. எல்லாம் திரும்பி வந்துட்டு. உசுரோட இருந்தா நான் தேடணும். மவுத்தாயிட்டா நான் அழணும். ரெண்டு வருசமா ரெண்டையும் அரையும் குறையுமாச் செஞ்சிக்கிட்டு இருக்கேன். நீங்க கரையேறுன ஆளுவளைப் பாத்திருக்கீயளாமே. எந்தக் கரையில ஏறுனாரு? அங்கேருந்து எங்க போனாரு? அதை மட்டும் சொல்லிருங்க, போயிருதேன்."

கப்பல்காரர் என்னைப் பார்த்தார். நான் பேப்பரைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியங்களில் அந்தப் பேப்பர் வாசிப்புக்கு முதலிடம் கொடுப்பேன். அந்தச் செய்தியை வாசித்தவன் நான், தகவல் இல்லை என்றுதான் அதில் போட்டிருந்தது என்று தெரிந்தவன் நான்.

 கப்பல்காரர்தான் பேசினார்.

"முதலாளி வீட்டு நிலை தோணி மரமே இல்லம்மா. மேக்கே மலையில வெட்டுனது. நான்தான் உப்புல ஊறப் போடுதேன். நான் கரையையும் பாக்கல, உன் மாப்பிள்ளையையும் பாக்கல. நான் கடலையே பாத்தது கெடையாது."

 பத்து வருஷ வியாபாரத்தை அவர் ஒரே மூச்சில் போட்டு உடைத்துவிட்டார். அதுவும் மில் முதலாளியையும், அவர் கூட்டி வந்த புது வாடிக்கைகளையும் வைத்துக்கொண்டு. இத்தோடு மனிதர் தொலைந்தார் என்று நினைத்தேன்.

நான் தென்காசியைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. மில் முதலாளி சிரித்தார். சம்பந்திகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, அந்தப் பெண் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சிக்கு இளகின மனசு. நீ ஆசைப்பட்டு அலையாண்டாம்னு மாத்திச் சொல்லுதாரு. உன் மாப்பிள்ளை கரையேறுனது நெசம். அந்த மரம் எங்க வீட்டு வாசல்ல நிக்கி. வேணும்னா வந்து நக்கிப் பாரு."

அவள் முதலாளியைப் பார்த்தாள், கப்பல்காரரைப் பார்த்தாள். "அப்ப ரெண்டுல எது பொய்?" என்று கேட்டாள். முதலாளி சம்பந்திகளைப் பலகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அண்ணனிடம் போனாள். சைக்கிளை உருட்டிக்கொண்டு அவன் முன்னால் நடந்தான், அவள் பின்னால்.

ஊர் முழுக்க அந்தத் தீர்ப்புதான் நின்றது. கப்பல்காரர் தன் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மையை ஊர் கூடிப் பொய் என்று முடிவு செய்தது. செய்யாமல் என்ன, இரண்டு மடங்கு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அவர் ரேஞ்சரிடமே போய் நின்றார். "ஐயா, எல்லாம் மலை மரம். என்ன கேஸ் வேணும்னாலும் போடுங்க." ரேஞ்சர் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். "நீரு சொன்னது என் காதுல விழல. வீட்டுக்குப் போய்ப் படும்" என்றார். பிற்காலத்தில் கப்பல்காரர் பாஸ் உள்ள மரமாகவே வாங்கி, மலை மரம் என்று சொல்லியே விற்றார். வந்தவர்கள் சொன்னதைக் கேட்டுப் புன்னகைத்துவிட்டு, குனிந்து நக்கிப் பார்ப்பார்கள். உப்பு இல்லை என்றதும் ஏமாற்றுக்காரர் என்று திட்டிக்கொண்டு போவார்கள். வியாபாரம் படுத்துவிட்டது.

ஆனால் அது பிறகு. ரேஞ்சர் திருப்பி அனுப்பியதற்கு மறுநாள் விடியற்காலையில் கப்பல்காரர் என் கதவைத் தட்டினார். சலவை வேட்டி, கையில் துணிப்பை.

"சார்வாள், தூத்துக்குடிக்குப் போகணும். தனியா எனக்குப் பயமா இருக்கு."

"எதுக்கு?"

"அந்தப் பிள்ளை நான் சொன்னா நம்பாது. எதைத்தான் நம்பும்? பாத்த ஆளு ஒருத்தன் வந்து சொல்லணும்."

ஊர்க் கப்பலையெல்லாம் உயிர்ச்சேதமில்லாமல் முங்க வைத்த மனிதர் ஒரு சாவுக்குச் சாட்சி தேடிப் புறப்பட்டார். நான் லீவு எழுதிப் போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

ரயிலிலிருந்து இறங்கிக் கடற்கரைக்கு நடந்தோம். ஒரு பக்கம் நூல் மில்லின் புகைபோக்கி, ஒரு பக்கம் உப்பளத்தில் வெள்ளை வெள்ளையாக அம்பாரங்கள், துறைமுகத்துக்குக் கல் கொண்டுபோகும் லாரிகள். புழுதியும் கரியும் மீன் வாடையும். அதையெல்லாம் தாண்டினால் கடல். கப்பல்காரர் நின்றுவிட்டார். என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இதுக்கு அந்தாலை கரை எங்க சார்வாள்?" என்று கேட்டார். கொழும்பில் என்றேன். "இதுல போயா நான் எல்லாத்தையும் நீஞ்ச விட்டேன்" என்று முனகினார்.

மணலில் ஒரு மீன்காரர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, கழுத்தில் சிலுவை. இங்கே முங்கின கப்பல்கள் எங்கே கிடக்கின்றன என்று கேட்டேன்.

"நெறையக் கெடக்கு. அந்தா தீவுக்குத் தெக்க கறுப்பா விலா எலும்பு மாதிரித் தெரியுதுல்லா, அது நாப்பதாளு. கடல்லேருந்து பாக்கையில மில்லுப் புகைபோக்கியும் கோயில் கோபுரமும் ஒண்ணு மேல ஒண்ணு வர்ற எடத்துல பதினேழாளு. அதுவும் இரும்புக் கப்பல். அதுக்கு வெளிய வெள்ளைக்காரன் காலத்துது, இருபத்தாறாளு."

எனக்கு விளங்கவில்லை. "அதென்ன ஆளுக் கணக்கு?"

"செத்த ஆளு. அப்படிச் சொன்னாத்தான் எங்களுக்கு எடம் தெரியும். கப்பல்ல என்ன எழுதியிருந்தான்னு எங்க தாத்தனுக்கே தெரியாது. முங்குன கப்பல்லதான் மீன் கூடும். ஒரு தடவை கும்பிட்டுட்டு வலையை எறக்குவோம்."

நான் அட்லஸில் தேடிய கப்பல்களெல்லாம் அங்கே வரிசையாகக் கிடந்தன, ஒன்றுக்கும் நான் வைத்த பெயர் இல்லை. கப்பல்காரர் மெதுவாகக் கேட்டார், "மரம் ஏதும் எடுப்பாவளோ?"

மீன்காரர் சிரித்தார். "மரமா? கடல் புழு நாலஞ்சு வருசத்துல சல்லடையா அரிச்சிரும். தொட்டா உதிரும். யாரு வாங்குவா?"

 கப்பல்காரர் துணிப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "ரெண்டு வருசத்துக்கு முன்னால, கார்த்திகைப் புயல்ல, வெங்காயத் தோணி ஒண்ணு..." என்று ஆரம்பித்தார்.

மீன்காரர் வலையிலிருந்து கையை எடுத்து நேரே காட்டினார். "அந்தா அங்கன. ஒம்பதாளு."

கப்பல்காரர் அந்தக் கை காட்டிய பக்கம் பார்த்தார். "ஒம்பதுமா?" என்றார்.

"ஒம்பதும். நாலு பேரை நான்தான் என் வள்ளத்துல இழுத்துப் போட்டேன். அதுல ஒருத்தன் பண்டாரி. எனக்குத் தெரிஞ்ச பையன்தான், தோணி கரையில நிக்கிற நாளெல்லாம் எங்கிட்டத்தான் மீன் வாங்குவான். எடது கையில சுண்டு விரல் கெடையாது. பள்ளிவாசல்ல ஒப்படைச்சோம், அவுங்க முறைப்படி அடக்கம் பண்ணிட்டாவ. தோணிக்காரரு கடனுக்குப் பயந்து அதுக்குள்ள ஊரை விட்டே போயிட்டாரு. எந்த ஊருன்னு வேற யாருக்கும் தெரியல, சொல்லி அனுப்ப."

வடகரைக்கு வர வேண்டும் என்றதும் மீன்காரர் தயங்கினார். காற்று நன்றாக இருக்கிறது, இரண்டு நாள் கடலுக்குப் போகாமல் எப்படி என்றார். கப்பல்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் ஒரு பொய்யைச் சொல்லி அந்தப் பையனைக் கரையேத்தி வச்சிருக்கேன். பொண்டாட்டி ரெண்டு வருசமா வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கா. நான் சொன்னா இனி எடுபடாது. நீங்க வந்தாத்தான் ஆச்சு."  எத்தனையோ பேரிடம் அவர் பேசியதைக் கேட்டிருக்கிறேன். அதில் வியாபாரம் இல்லாமல் பேசியது அது ஒன்றுதான். மீன்காரர் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் மூன்று பேரும் வடகரை போனோம். அண்ணன் வீட்டு முன்னறையில் ஜமாத்துப் பெரியவர் இருவர் வந்து உட்கார்ந்தார்கள். எங்களுக்கும் பாய் விரித்தார்கள். அவள் உள்கதவுக்குப் பின்னால் நின்றாள், துப்பட்டியின் ஓரம் மட்டும் தெரிந்தது. போகிற வழியிலேயே நான் தீர்மானித்திருந்தேன், முதலில் நான்தான் பேசினேன். பேப்பரில் என்ன இருந்தது என்பதையும், அதை வாசித்தவன் நான் என்பதையும், பானைக் கதை கட்டப்பட்டபோது கூட இருந்து சிரித்ததையும், அன்றைக்குக் கடையில் வாயைத் திறக்காததையும் சொன்னேன். பெரியவர்கள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மீன்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மீன்காரர் சுற்றி வளைக்கவில்லை. எந்தக் கிழமை, எந்த இடம், யார் யார் கூட இருந்தார்கள் எல்லாம் சொன்னார். சுண்டு விரலைச் சொன்னார். உள்ளே வளையல் சத்தம் கேட்டது.

"மொகம் எப்படி இருந்துச்சு?" கதவுக்குப் பின்னாலிருந்து அவள் கேட்டாள்.

"தூங்குன மாதிரிதாம்மா. ஒரு நாளுதான் தண்ணியில கெடந்தான். மொகம் கெடல."

"அடக்கம் பண்ணுன எடம் இப்பவும் தெரியுமா?"

"தெரியும். கூட்டிட்டுப் போய்க் காட்டுதேன்."

பெரியவர் ஒருவர் அரபியில் ஏதோ சொன்னார், மற்றவரும் அண்ணனும் கூடச் சொன்னார்கள். கப்பல்காரர் தலையைக் குனிந்துகொண்டு பாயின் கோரையை நிமிண்டிக்கொண்டிருந்தார். அவள் கதவைத் தாண்டி ஓரடி வெளியே வந்தாள். நேரே அவரைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்க வெளிய போங்க. நான் அழணும்."

அவர் எழுந்தார். நான் உட்கார்ந்தே இருந்தேன். உண்மையைச் சொல்லிவிட்ட நிம்மதியில் என்னை வேறு கணக்கில் வைப்பாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"சார்வாளும்" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தோம். உள்ளே மீன்காரரை இருக்கச் சொல்லி, அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்கள்.